கழுவ அம்பாசமுத்திரம், காயவைக்கச் சேரன்மாதேவி

மழையையும் வெயிலையும் நம்பிப் பிழைக்கிறவர்கள் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். போட்டோகிராபரும் அப்படித்தான். இன்றைக்கு ஸ்டூடியோவில் மின்விளக்கும் விசிறியும் வைத்துக்கொண்டு தொழில் செய்கிற பிள்ளைகளுக்கு இது விளங்காது. முதல் யுத்தத்துக்கு முந்தி நான் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு விளக்கு சூரியன்தான், விசிறி மேல்காற்றுதான். இரண்டும் ஊருக்கு ஊர் குணம் மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு மனுஷனுடைய முகத்தை உருக்கிவிட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1. முதலாளியின் சட்டங்கள்

எங்கள் முதலாளி தேவசகாயம் அண்ணாச்சி சென்னையில் தொழில் படித்தவர். நல்ல கைகாரர், முன்கோபி. அவரிடம் இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்று இருந்தது. பிளேட் கழுவுகிற தண்ணீர் அறுபத்தைந்து டிகிரி பாரன்ஹீட்டில் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூடத் தண்ணீர் அவ்வளவு குளிராது.

அந்தக் காலத்தில் படம் பிடிப்பது கண்ணாடி பிளேட்டில். கண்ணாடியின் ஒரு பக்கம் பசை மாதிரி ஒரு பூச்சு இருக்கும். முகம் விழுவது அந்தப் பூச்சில்தான்; மருந்திலும் தண்ணீரிலும் கழுவினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் சூடாக இருந்தால் பூச்சு ஓரத்தில் சுருங்கி, பிறகு உரிந்து வந்துவிடும். அதனால் அண்ணாச்சி மண்பானைத் தண்ணீர்தான் உபயோகிப்பார். பூச்சு இறுகுவதற்குப் படிகாரக் கரைசலில் முக்கி எடுப்பார். அப்படியும் நாலில் ஒன்று உரியும். உரிந்தால் திட்டு எங்களுக்கு.

"ஏலே சுப்பையா, படிகாரம் போட மறந்தியா?"

"போட்டேன் அண்ணாச்சி."

"போட்டா ஏன்லே உரியுது?"

வெயிலைக் கேளுங்கள் என்று சொல்லத் தோன்றும். சொல்லமாட்டேன்.

அவருடைய இன்னொரு சட்டம், கண் சுருங்கின படத்தை வாசலைத் தாண்டவிடக்கூடாது என்பது. கூர்சீவின பென்சிலால் நெகட்டிவில் கோடு கோடாகத் தொட்டுக் கண்ணைத் திறந்துவிடுவோம். நான் சேர்ந்த மூன்றாவது வருஷம் அந்தப் பென்சில் வேலையில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கிவிட்டேன். பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் வெயிலில் நின்ற எத்தனையோ பேருக்கு நான்தான் கண் திறந்தவன். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

2. கரி அடுப்பு

நாலாவது வருஷம் ஆனி மாதம், அம்பாசமுத்திரத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் குரூப் படம் எடுக்க என்னைத் தனியாக அனுப்பினார் அண்ணாச்சி. காமிராப் பெட்டி, முக்காலி, மருந்துப் புட்டிகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலியில் ரயில் ஏறினேன். பேட்டையில் புழுதியும் அனலும். சேரன்மாதேவியில் வெயில் இருந்தது, காற்று மட்டும் குளிர்ந்தது. வீரவநல்லூரில் சன்னலோரம் தூவானம் விழுந்தது. கல்லிடைக்குறிச்சியில் இறங்கினவர்கள் எல்லோரும் குடை விரித்தார்கள். அம்பாசமுத்திரத்தில் மலை தெரியவில்லை, சாரல்தான் தெரிந்தது. ஒரு பொட்டலம் கடலை தின்று முடிப்பதற்குள் மூன்று பருவங்களைத் தாண்டி வந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஞானம்மாள் என்று ஓர் ஆசிரியை இருந்தார். முப்பது வயது இருக்கும். குரூப் படம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கு ஒரு ஒதவி. எந் தம்பி சாமுவேலு கொழும்புக்குப் போறான். தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளை வேலை. நாளைக்குக் காலையில ரயிலு. அவனை ஒரு படம் எடுத்துத் தரணும்."

"அதுக்கென்னக்கா, எடுத்திருவோம்."

அவர் அதோடு நிற்கவில்லை. வேறு யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"எங்க ஊரு இது இல்ல. கடக்கரைப் பக்கம், பனங்காடு. அப்பா பனையேறி. வாந்திபேதியில அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்துல போயிட்டாவ. எனக்கு ஏழு வயசு, இவன் கைப்பிள்ளை. எங்கத்தைதான் எங்களை இங்கன கொண்டாந்தா. எனக்கு அம்மா கை ஞாபகம் இருக்கு, சேலை ஞாபகம் இருக்கு. முகம் மட்டும் வரமாட்டேங்கு. இவன் அம்மாவை உரிச்சு வச்சிருக்கான்னு அத்தை சொல்லுவா. நானும் எத்தனையோ நாளு உத்துப் பாத்திருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியல. இப்ப இவனும் போறான். இவன் முகமும் அப்படிப் போயிரக்கூடாது, பாத்துக்கிடுங்க."

நான் அன்று மாலையே சாமுவேலைப் பள்ளிக்கூட வராந்தாவில் நிறுத்தினேன். மெலிந்த உடம்பு, கூச்சக்காரர். மேகமூட்டத்தால் வெளிச்சம் போதவில்லை. காமிராக் கண்ணின் மூடியைக் கழற்றி எட்டு எண்ணினேன். அசையாமல் நின்றார். மறுநாள் காலையில் தூத்துக்குடிக்கு ரயிலேறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு பிளேட்டைக் கழுவினேன். ஆற்றுத் தண்ணீர் விரலை விறைக்க வைத்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு பிளேட் கழுவினதில்லை. ஓரம்கூடச் சுருங்கவில்லை. இந்தக் குளிரில் எதற்குப் படிகாரம் என்று அதை விட்டுவிட்டேன். வெயில் ஊரில் தொழில் படித்தவனுக்கு வெயில் ஒன்றுதான் எதிரி. அது இல்லாத இடத்தில் எல்லாம் க்ஷேமம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் வினை. பிளேட் காயவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மணி நேரத்தில் காய்வது இங்கே மாலை வரை அப்படியே ஈரமாக இருந்தது. மறுநாளும் அதே கதை. குரூப் பிளேட்டின் மேல் பூச்சிகள் வந்து ஒட்டிக்கொண்டன. அதுவாவது மறுபடி எடுக்கலாம், பிள்ளைகள் அங்கேயேதான் இருக்கிறார்கள். சாமுவேல் பிளேட்டுக்கு என்ன ஆகுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடச் சமையலறையில் கரி அடுப்பு இருந்தது. இரண்டு முழம் தள்ளிப் பிளேட்டைச் சாய்த்து வைத்தேன். காயத்தான் செய்தது. வெளியே போய் ஒரு வெற்றிலை போட்டுவிட்டு வந்து பார்த்தால் சாமுவேலின் நெற்றி கண்ணுக்கு இறங்கியிருந்தது, கண் வாய்க்கு இறங்கியிருந்தது. எடுப்பதற்குள் எல்லாம் சேர்ந்து பிளேட்டின் அடியில் கறுப்பாகத் திரண்டுவிட்டது.

படிகாரம் போட்டிருந்தால் அந்தச் சூட்டைத் தாங்கியிருக்கும். குளிர் என்று படிகாரத்தை விட்டேன். ஈரம் என்று அடுப்பை வைத்தேன். அம்பாசமுத்திரத்தில் இல்லாத வெயிலை நானே உண்டாக்கி என் பிளேட்டைக் கெடுத்துக்கொண்டேன். அந்த ஊர்க்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

ஞானம்மாள் அக்காவிடம் பிளேட்டைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவனை இப்ப முகாமுலதான் வச்சிருப்பாவ" என்றார். "கப்பலேறுததுக்கு முந்தி நோய் இருக்கான்னு பாக்க நாலஞ்சு நாளு உள்ள வைப்பாவளாம்."

அவ்வளவுதான் சொன்னார். போய்வா என்று சொல்லவில்லை. நான் அடுத்த ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன்.

3. கம்பிக்கு அங்கிட்டு

பாளையங்கோட்டைக்கு வந்து அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். தொண்டை வற்றுகிற வரைக்கும் என்னைத் திட்டினார். பிறகு இரண்டு புது பிளேட்டை எடுத்து அவரே வெளிச்சம் புகாத ஸ்லைடுச் சட்டத்தில் போட்டுக் கையில் கொடுத்தார். "சாகுற வரைக்கும் அந்தப் பொம்பளை ஒன்னை நெனைச்சுக்கிடுவா, நல்லதாவா கெட்டதாவாங்கது ஒங்கையில இருக்கு. போ" என்றார்.

தூத்துக்குடிப் பக்கத்து முகாம் ஊருக்கு வெளியே வெறும் மணல்வெளியில் இருந்தது. மரம் மட்டை ஒன்றும் கிடையாது. சுற்றிக் கம்பிவேலி. அம்பாசமுத்திரத்தில் கம்பளி போர்த்தியவர்களைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இங்கே செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. மேல்காற்று மண்ணை வாரி முகத்தில் போட்டது. வாசல் காவலர் என் காமிராவை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள வரப்படாது வே. வந்தா ஒம்மையும் நாலு நாளு வச்சிருவாவ. கம்பிக்கு அங்கிட்டு நின்னு எடுத்துக்கிடும்."

"ஒரு நெழலுல நிறுத்தி எடுக்கணும் அண்ணாச்சி."

"நெழலுக்கு நான் எங்கன வே போவேன்?"

சாமுவேலைக் கூப்பிட்டு விட்டார்கள். வேலிக்கு உள்ளே அவர், வெளியே நான். சூரியன் என் பின்னால் உச்சியிலிருந்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதே வெயில் வெள்ளை மணலில் பட்டுக் கீழேயிருந்தும் அவர் முகத்தில் அடித்தது. நான் நின்ற மேடு உயரம். என்னைப் பார்க்க அவர் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது.

"கண்ணைச் சுருக்காதீங்க."

"முடியல. கூசுது."

"ஒரு நொடி."

"அக்கா அழுதாளா?"

"இல்ல. கண்ணைத் திறங்க."

மூடியைக் கழற்றி மாட்டினேன். அம்பாசமுத்திரத்தில் எட்டு எண்ணினது இங்கே ஒன்று எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. அதேபோல் இன்னொன்றும் எடுத்தேன். இரண்டிலும் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருந்தார். போகட்டும், பென்சில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முகாமுக்குப் பக்கத்தில் நான் தங்கியிருந்த ஒரு வீட்டில் ஓர் அறையை இருட்டாக்கி முதல் பிளேட்டை அங்கேயே கழுவினேன். சரியாக வராவிட்டால் திரும்பப் போய் எடுக்கலாம் என்ற எண்ணம். பானைத் தண்ணீரே கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. முகம் வந்தது, நன்றாகவே வந்தது. வந்த கையோடு பூச்சு வெங்காயச் சருகு மாதிரி கழன்று தண்ணீரில் மிதந்தது. படிகாரத்துக்குப் போக நேரமே கொடுக்கவில்லை. அவசரமாக முகாமுக்கு ஓடினேன். "இப்பத்தான் வே கூட்டிட்டுப் போனாவ, கப்பலுக்கு" என்றார் காவலர்.

மிச்சம் ஒரே ஒரு பிளேட். கறுப்புத் துணியில் சுற்றி, அந்தத் துணிப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது என்று சொல்ல வெட்கம் இல்லை. கதவோரத்தில் நின்றவர்கள் வெயிலில் கண்கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் என்னை யாரும் கவனிக்கவில்லை.

4. ஊருக்கு ஒரு வேலை

பாளையங்கோட்டைக்கு வந்ததும் அண்ணாச்சி இருட்டறைக் கதவைத் திறந்து வைத்தார்.

"இங்கனயே கழுவு. நான் பானையை மாத்தி வச்சிருக்கேன்."

"மாட்டேன் அண்ணாச்சி. நாலுல ஒண்ணு உரியுது. எங்கிட்ட இருக்கதே ஒண்ணுதான்."

"பின்ன எங்கன போயி கழுவப் போற?"

"அம்பாசமுத்திரத்துல."

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? நல்ல தண்ணிக்கு ரயிலேறிப் போவியா? கழுவிட்டு அங்கன எப்பிடிக் காயவைப்ப? மறுபடியும் அடுப்பா?"

"காய வைக்கதுக்கு அங்கன இல்ல. சேரன்மாதேவிக்கு வந்திருவேன்."

அவர் இருட்டறைக் கதவைத் தானே சாத்திவிட்டார். எனக்கே இந்த யோசனை ரயிலில் வரும்போதுதான் தோன்றியிருந்தது. ஒவ்வோர் ஊரும் ஒரு வேலையைக் கெடுக்கிறது, ஒரு வேலையை நன்றாகச் செய்துகொடுக்கிறது. தூத்துக்குடி வெயில் படம் எடுக்க நல்லது, கழுவ ஆகாது. அம்பாசமுத்திரம் கழுவ நல்லது, காயவைக்க ஆகாது. பாளையங்கோட்டைக் காற்று காயவைக்கும், ஆனால் ஈரப்பூச்சில் புழுதியை அப்பிவிடும். சேரன்மாதேவியில் சாரல் எட்டாது. ஆற்றில் மலைத்தண்ணீர் வந்து சுற்றிலும் கார்ப்போக நெல் நடவு பச்சையாக நிற்பதால் புழுதியும் கிடையாது. எல்லாம் ஒரே ஜில்லா, ஒரே ரயில் பாதை. இதை அண்ணாச்சியின் இங்கிலீஷ் புஸ்தகம் எழுதினவர் எங்கே கண்டார்!

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தின் சாமான் அறையில் கதவிடுக்கை எல்லாம் அடைத்துக்கொண்டு கழுவினேன். ஞானம்மாள் அக்கா ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வெளியே வைத்தார். இந்தத் தடவை படிகாரத்தை விடவில்லை. ஈரப் பிளேட்டை மரப்பெட்டியின் காடிப் பள்ளத்தில் நிறுத்தி மத்தியான ரயிலில் ஏறினேன். அக்காவும் கூடவே ஏறிவிட்டார். "நீங்க எதுக்குக்கா?" என்றேன். "எங்கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சரிதானே, ஒரு தடவை உருக்கினவன்தானே நான்.

சேரன்மாதேவி ஸ்டேஷனில் இறங்கினோம். அக்காவின் குடையிலிருந்து அம்பாசமுத்திரத்து மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்தேன்; கழுவி முடித்த பிளேட்டை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். குடை காய்ந்தது. பிறகு பிளேட்டும் காய்ந்தது. தொட்டுப் பார்த்தேன், விரல் ஒட்டவில்லை.

5. பென்சில்

நெகட்டிவை அக்காவிடம் நீட்டினேன். அதில் முகம் கறுப்பாகவும் தலைமயிர் வெள்ளையாகவும் இருக்கும். அவர் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். பாவமாக இருந்தது. பாளையங்கோட்டைக்குப் போய்க் கண்ணைப் பென்சிலால் திறந்துவிட்டு அப்புறம் பிரின்ட் போடுவதுதான் எங்கள் சட்டம். ஆனாலும் அவர் இவ்வளவு தூரம் வந்துவிட்டு முகம் பார்க்காமல் திரும்ப வேண்டாம் என்று, கையிலிருந்த காகிதம் ஒன்றை நெகட்டிவோடு சேர்த்துப் பிரேமில் பூட்டி வெயிலில் வைத்தேன். அந்தக் காகிதத்தில் வெயில் பட்டாலே உருவம் தானாக ஏறிக்கொண்டு வரும். பிரேமின் முதுகு இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதியை மட்டும் திறந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம்.

"கண்ணு கொஞ்சம் சுருங்கியிருக்கும்கா. அது வெயிலு. நான் பெறகு சரி பண்ணிருவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மரநிழலுக்குள் கொண்டுபோய்த் திறந்து காட்டினேன். நிமிர்ந்த நெற்றி. பாதி மூடின இடது கண். கூச்சத்தில் மேலே தூக்கின உதடு. எனக்கு அது தொழில்குற்றமாகத்தான் தெரிந்தது.

அக்கா பிரேமை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குடை கீழே விழுந்தது.

"அம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்பா பனை மேல இருப்பாரு. அம்மா கீழ நின்னு அண்ணாந்து இப்பிடித்தான் பாப்பா. ஒத்தக் கண்ணை இடுக்கிக்கிட்டு, ஒதட்டைத் தூக்கிக்கிட்டு. கீழ மணலு கொதிக்கும். நான் அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். இந்த முகம்தான். இதேதான்."

அம்பாசமுத்திரத்திலும் சித்திரையில் வெயில் உண்டு. ஆனால் மணலிலிருந்து எழும்பி முகத்தில் அடிக்கிற வெயில் அங்கே கிடையாது. சாமுவேலைக் கைப்பிள்ளையாக அந்த மணலிலிருந்து தூக்கி வந்துவிட்டார்கள். அக்கா இருபத்துச் சொச்சம் வருஷம் அந்த முகத்தைச் சாரலிலும் மரநிழலிலும் தேடியிருக்கிறார். அது இருந்ததோ வெயிலில்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நிழலில் இருந்தாலும் அந்தக் காகிதம் கறுத்துக்கொண்டே போகும், மருந்தில் போட்டால்தான் நிற்கும்.

"மூடணும்கா. வெளிச்சம் தின்னுரும்."

"இன்னும் கொஞ்சம் தம்பி."

"போயிரும்கா."

"சரி, பைய மூடுங்க" என்றார். நான் மூடினேன். அவர் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். நானும் அழுதுகொண்டிருந்ததால் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

பாளையங்கோட்டையில் மருந்தில் போட்டு எடுத்த பிரின்ட்டை அண்ணாச்சி சன்னலோரம் வைத்துப் பார்த்தார்.

"பிளேட்டு நல்லாத்தான் இருக்கு. கண்ணு சுருங்கியிருக்கே, ஏன்லே திறந்துவிடல?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. அது அவுக அம்மா கண்ணு."

நடந்ததைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினார். படத்தை அவரே கனமான அட்டையில் ஒட்டி அனுப்பி வைத்தார்.

சாமுவேல் யுத்தம் முடிந்த பிறகு விடுமுறைக்கு வந்தார். தேயிலைமலைப் பனியில் இருந்து இருந்து முகம் சதை போட்டு மெத்தென்று ஆகியிருந்தது. அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். மறுபடி ஒரு படம் எடுத்தேன், நிழலில்தான். நல்ல படம். அதில் சாமுவேல் மட்டும் இருந்தார்.

பிளேட்டைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை மேலே எழுதிவிட்டேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. மற்றது தேவைப்படும். ஆள் வந்து உட்கார்ந்ததும் கண்ணாடிக் கூரைக்கு அடியில் இருக்கிற மேல்திரையை இழுத்து நிழல் கட்டுவது எங்கள் ஸ்டூடியோ வழக்கம். அந்த வருஷத்துக்குப் பிறகு நான் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் ஒன்று கேட்பேன்: "ஒமக்கு எந்த ஊரு?" கடற்கரை மணல்காட்டு ஊர் என்றால் கயிற்றை விட்டுவிடுவேன்.